கோபன்ஹேகன் கிஃப்ட்

தெப்பக்குளத்துக் கடையிலிருந்து திரும்பிய சௌமியா, கோபன்ஹேகன் வேலையிலிருந்து லீவில் வந்து ஹாலில் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த கணவன் ஸ்ரீநாத்தின் தோளில் கை வைத்தாள். உடனே திரையில் இருந்த வெள்ளைக்காரி கத்த ஆரம்பித்தாள்.

“கிஃப்ட்? கிஃப்ட்?”

ஸ்ரீநாத் சட்டென்று போனை அணைத்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

“அவளுக்கு என்ன கிஃப்ட் வாங்கித் தரேன்னு சொன்னேள்?”

“உளறாதே. அவ என் மேனேஜர். இது இங்கிலீஷ் கிஃப்ட் இல்ல. டேனிஷ்ல கிஃப்ட்னா விஷம். ப்ராஜெக்ட்டைக் கெடுத்துட்டேன்னு ‘விஷம், விஷம்’னு திட்டறா. போறுமா?”

அவன் அம்மா கோதை டிவியை நிறுத்தினாள். “அங்கே வேலையைக் காப்பாத்திக்க முடியாம என் பிள்ளை திண்டாடறான், இவளுக்கு சந்தேகம்! ரெண்டு வருஷமா டென்மார்க்குக் கூட்டிண்டு போகலைங்கற ஆங்காரம். பிடிக்கலைன்னா கே.கே. நகருக்கே போயிடு, உங்கப்பா ஆத்துக்கு.”

சௌமியா தன் போனில் அந்த வார்த்தையைத் தேடினாள். விஷம் என்றுதான் இருந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“பார்த்தியோன்னோ? அம்மாகிட்ட மன்னிப்பு கேளு” என்றான் ஸ்ரீநாத்.

“இருங்கோ. இந்த வார்த்தை எங்கேருந்து வந்ததுன்னு போட்டிருக்கு.” அவள் நிமிராமலே படித்தாள். “ஆதியில ‘கொடு’ங்கறதுதான் வேராம். கிரேக்கக்காரா மருந்தைக் ‘கொடுக்கறது’ன்னே சொல்லுவாளாம். அதைப் பார்த்து ஜெர்மன்காராளும் சொல்ல, கொடுக்கற மருந்து போய், கொடுக்கற விஷம்னு ஆயிடுத்து.”

“இப்ப எதுக்கு இந்த ஆராய்ச்சி? போனைக் கொண்டா.” ஸ்ரீநாத் கையை நீட்டினான். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“கொடுக்கறதா?” கோதை ஏளனமாகச் சிரித்தாள். “எங்க தலையில உன்னைக் கட்டிக் கொடுத்தாரே உங்கப்பா, அதுவும் விஷம்தான்.”

திரையைத் தள்ளிக்கொண்டிருந்த சௌமியாவின் விரல் நின்றது.

“சரியாச் சொன்னேள் அம்மா. பொண்ணைக் கட்டிக் கொடுக்கறதுக்கும் அதே வார்த்தைதானாம். கீழே ரெண்டாவது அர்த்தம் போட்டிருக்கா.”

போனை மாமியாரின் கையில் வைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“அவ உங்களைத் திட்டல. ‘உனக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?’ன்னு கேட்டிருக்கா.”