புழுக்களைக் காணோம்

புதரில் ஒரு புழுகூட இல்லை.

நேற்று மாலை பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன். பச்சையும் கறுப்புமாக, கொழுகொழுவென்று, தின்பதைத் தவிர வேறு கவலையே இல்லாமல் இருந்தன. எண்ணிக்கை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கூடு கட்டப் போயிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது புதர், முடிவெட்டிக்கொண்டு வந்த பையனைப் போல நிற்கிறது. ஓட்டை விழுந்த இலைகளைக்கூட யாரோ நறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

அதுவும் இன்றைக்குப் பார்த்து. குடியிருப்புச் சங்கச் செயலாளர் இரும்பு அளவு நாடாவோடு பக்கத்தில் நிற்கும்போது.

கட்டடத்துக்குப் பின்னால் கிடக்கும் இந்தத் துண்டு நிலத்தில் முன்பு கடையில் வாங்கிவந்து விரித்த புல்தரை இருந்தது. பார்க்க அழகு. ஒரு பூச்சி அண்டாது. அதைப் பிடுங்கிவிட்டு, இந்த மண்ணிலேயே காலங்காலமாக முளைத்துவந்த புல்லையும் புதரையும் தேடித் தேடிக் கொண்டுவந்து நட்டேன். செயலாளர் அதற்கு வைத்த பெயர் களை. சிமெண்டு போட்டால் ஆறு கார் நிற்கும் என்பது அவர் கணக்கு.

ஒரு வருஷம் கொடுங்கள், பறவைகள் வரும் என்று கூட்டத்தில் கேட்டேன். ஒரே ஒரு குருவி வரட்டும், சிமெண்டுப் பேச்சையே விட்டுவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார்.

இன்றோடு வருஷம் முடிகிறது. குருவி வரவில்லை. என் பல் கிளினிக்குக்குக் கிளம்பும் முன்னும், திரும்பி வந்த பின்னும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

ஆனால் புழு வந்திருந்தது. புழு வந்துவிட்டால் பின்னாலேயே குருவியும் வரும், இன்னும் ஆறு மாதம் பொறுங்கள் என்று கேட்பதற்காகத்தான் சங்கத்தாரைக் கீழே கூட்டி வந்தேன்.

என் கணவரோடு வந்து நின்ற மாமனார் தொண்டையைச் செருமினார்.

மாமா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். செடியில் புழுவைப் பார்த்த முதல் நாளே, இதெல்லாம் டிக்கெட் இல்லாத கேஸ், இறக்கிவிட வேண்டியதுதான் என்றார். ஒன்றின் மேல் கை பட்டாலும் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று அன்றைக்கே கத்தி வைத்திருந்தேன். அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

விடிந்ததும் கத்தரிக்கோலோடு இறங்கி வந்து ஒன்று விடாமல் எடுத்துவிட்டதாக இப்போது சொன்னார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மாமனாராயிற்றே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் கணவர், வீட்டில் எனக்கும் அவர் அப்பாவுக்கும் ஏதாவது என்றால் எங்கே பார்ப்பாரோ அங்கேயே பார்த்தார். வானத்தை.

செயலாளர் நாடாவின் ஒரு முனையை என் கணவரிடமே பிடிக்கக் கொடுத்தார். அவரும் பிடித்துக்கொண்டார், அந்த மனுஷன்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக நகக்கண்ணில் ஏறிய மண்ணை பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் அடுத்தவர் வாயில் கை வைத்திருக்கிறேன். எல்லாம் ஆறு காருக்காகவா?

ஏன் மாமா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

மாமா விழித்தார். நான் மெச்சுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

"பின்னே என்னம்மா செய்யறது? ஒரு குருவி நாலு நாளா வந்து ஒவ்வொண்ணா கொத்திட்டுப் போகுது. கையைத் தட்டி விரட்டினாலும் போக மாட்டேங்குது. நீ பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டதாச்சே, ஒண்ணுகூட மிஞ்சாதேன்னுதான் எடுத்து உள்ளே வச்சேன்."

கணவர் கையிலிருந்த நாடா நழுவி, சரக்கென்று செயலாளரிடமே ஓடிப்போய்ச் சுருண்டது.

என்ன குருவி என்று கேட்டது நான் இல்லை. செயலாளர்தான்.

புகார் பதிவாகிறது என்று நினைத்து மாமா உற்சாகமாக அங்க அடையாளம் சொன்னார். கறுப்புத் தலை, மஞ்சள் வயிறு, உடம்பெல்லாம் திமிர். நான் வேலைக்குப் போன பிறகு வந்து, திரும்புவதற்குள் போய்விடுமாம்.

தோட்டச் சாமான் அறையிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியையும் கொண்டுவந்து திறந்தார். அடியில் ஈரத்துணி. மூடியில் காற்றுக்கு ஓட்டை. நறுக்கிய கொப்புகளில் என் புழுக்கள், இடம் மாறியது தெரியாமல் தின்றுகொண்டிருந்தன.

வீட்டில் நான் புழுவைப் பற்றியே பேசியிருக்கிறேன். எதற்காகப் புழு என்று மாமாவிடம் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, கணவருக்கும் தோன்றவில்லை. இப்போது சொன்னேன்.

மாமா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். அது தின்னுவதற்கா இதுகளை வளர்த்தாய் என்று கேட்டார்.

செயலாளர்தான் பக்குவமாகப் பேசி வாங்கினார். வாங்குவதற்குள் மாமா இரண்டு தடவை முதுகைத் திருப்பிக்கொண்டார். களை என்று சொன்ன அதே புதரில் செயலாளர் கொப்புகளை ஒவ்வொன்றாகச் செருகினார். நாடாவைத் தரையில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. யாரும் மூச்சு விடாதீங்க."

மதில்மேல் மஞ்சளாக ஏதோ வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் புதருக்குள் இறங்கியது. செயலாளர் வாயைப் பிளந்தபடி நின்றார். நான் ஜெயித்துவிட்டேன். கத்த வேண்டும் போல இருந்தது.

மாமா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.