குறிஞ்சி வீதிக்கு ஒரு சிறப்பு உறை

"ஊர்ல எத்தனை பெரிய கட்டடம் இருக்கு. உங்க தெருமுனை நூலகத்துப் படத்தப் போட்டுத்தானா சிறப்பு அஞ்சல் உறை கொண்டாரணும்?"

தபால்தலை சேகரிப்போர் சங்கச் செயலாளர் ராஜவேல் முகம் சிவந்து கேட்டார்.

"ஆமா சார்," என்றார் சங்க உறுப்பினரான துணிக்கடைக் கரீமா.

"அது பூட்டியில்ல கெடக்குது?"

"உறை வெளியிடுற அன்னிக்குத் தெறந்திருக்கும்."

படமும் முத்திரையும் போட்டு அஞ்சல் துறை வெளியிடும் சிறப்பு உறைக்கு இந்த வருடம் சங்கத்துக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. கடற்கரையோரம் இருக்கும் பழைய பிரெஞ்சுக் கட்டடம் ஒன்றை அதற்காக ராஜவேல் தன் கையாலேயே வரைந்து வைத்திருந்தார்.

"சங்கம் ஒத்துக்கலைன்னா?"

"என் ஆல்பம் கண்காட்சிக்கு வராது."

நூலகம், வாசிப்பு என்று எந்த நாடு தபால்தலை போட்டாலும், முத்திரை குத்தினாலும் அது கரீமாவிடம் இருக்கும். அதைப் பார்க்கவே சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள். வேறு வழியில்லாமல் சங்கம் தலையாட்டியது.

"அந்தம்மாவுக்குச் சொந்தத் தெருவுல, உறை வெளியிட வர்ற அமைச்சரோட நின்னு போட்டோ எடுத்துக்கணும். வேறென்ன," என்று வீட்டில் மனைவி நிர்மலாவிடம் பொருமினார் ராஜவேல்.

விழாவுக்குத் தேதி குறித்ததுமே மூலக்குளம் குறிஞ்சி வீதி அமளிப்பட்டது. அமைச்சர் வருகிறார் என்றால் சும்மாவா? கொத்தனார் வந்தார். கரண்ட் ஆள் வந்தார். லாரியில் புது அலமாரிகளும் புத்தகங்களும் வந்து இறங்கின.

அமைச்சர் உறையை வெளியிட்டார். நூலகம் இனி தினமும் திறந்திருக்கும் என்று மேடையிலேயே அறிவித்து, புதிய நூலகரையும் அறிமுகப்படுத்தினார். அமைச்சர் கிளம்புவதற்குள் உள்ளே நாற்காலிகள் நிறைந்து, பிள்ளைகள் தரையில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

போட்டோ எடுக்கும்போது கரீமாவைக் காணவில்லை. தேடிப் போனார் ராஜவேல். அலமாரிக்கு அருகே பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் கரீமா.

முதல் உறையை நீட்டினார் ராஜவேல். "ஜெயிச்சிட்டீங்க. ஆல்பத்துல வச்சுக்குங்க."

"நூலகத்துக்கே குடுத்துடுங்க சார். செவுத்துல மாட்டட்டும்."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ பிடிவாதம் புடிச்சீங்க?"

கரீமா சிரித்தார்.

"கூரை ஒழுகுது, சரி பண்ணித் தெறந்து வுடுங்கன்னு எத்தனையோ மனு குடுத்துட்டேன் சார். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. உறை வெளியிடக் கூப்ட்டா, அமைச்சரே வருவாருல்ல?"