உயரம் கேட்ட சங்கு

ஜெர்மனியில் போர் நடந்துகொண்டிருந்த காலம். கடலோர மேடு ஒன்றில் இரண்டு ரேடார்களும் ஓர் அபாயச் சங்கும் ஊருக்குக் காவல் நின்றன. நெட்டை ரேடாருக்கு வெகு தூரத்தில் வரும் விமானமும் தெரியும். எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பது மட்டும் தெரியாது. வட்ட ரேடாருக்குக் கிட்டப் பார்வைதான். ஆனால் உயரத்தை அச்சுப் பிசகாமல் சொல்லிவிடும். இரண்டும் சொன்ன பிறகே ஊதுவது சங்கின் வழக்கம். ஊரைச் சும்மா பதறவைத்தது என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதே!

ஒருநாள் சாயங்காலம் நெட்டை கத்தியது: "வர்றாங்க!"

சங்குக்குச் சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எவ்வளவு உயரம்ணே?" என்று வட்டத்திடம் கேட்டது.

"இரு, ஆயிரக்கணக்குல வருது. ஒண்ணொண்ணா அளக்கிறேன்."

"அதெல்லாம் வெறும் வெள்ளித்தாள். விமானம் மாதிரி தெரியட்டும்னு உன்னை ஏய்க்கத் தூவிவிட்டிருக்காங்க. விமானம் பின்னாலேயே வருது, ஊதுடா!" என்றது நெட்டை.

"உயரம் தெரியாதவன் பேச்சைக் கேட்டா ஊதப்போறே?" என்றது வட்டம்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது சங்குக்கு. கீழே ஊரில் சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அது வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

குண்டுகள் விழுந்து, விமானங்கள் திரும்பிப் போய், ஊர் எரிந்துகொண்டிருந்தபோது, வெள்ளித்தாள் ஒன்று மிதந்து வந்து சங்கின் வாயில் ஒட்டியது.

"அதையும் அளந்துட்டேன்," என்றது வட்டம். "ஆறடி. இப்ப ஊதலாம்."