இருபது நிமிட அட்டெண்டன்ஸ்

“நாற்பத்திரண்டு பேரைக் கூப்பிட இருபது நிமிஷமா சார்?”

தலைமையாசிரியை உமாமகேஸ்வரி கேட்டதும், கணக்கு வாத்தியார் சூசைராஜ் தலையைச் சொறிந்தார்.

“காலையில புள்ளைங்க தூங்கி வழியுறாங்க மேடம். கொஞ்சம் கலகலப்பா ஆரம்பிச்சா கணக்கு ஏறும்.”

கலகலப்பு என்பது ரொம்ப அடக்கமான வார்த்தை. திங்கட்கிழமை அவர் பெயர்களை ரயில்வே அறிவிப்பு மாதிரி வாசித்தார். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காரைக்காலிலிருந்து புறப்பட்ட கதிரவன், இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது பெஞ்சுக்கு வந்து சேரும்.”

செவ்வாய்க்கிழமை, கையில் இல்லாத பந்தை ஒவ்வொருவருக்கும் எறிந்தார். பிடித்தால் பிரசென்ட். நழுவவிட்டால் பெஞ்சுக்கு அடியில் புகுந்து தேடி எடுத்துத் தர வேண்டும்.

இன்று, பக்கத்தில் இருப்பவர் பெயருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். வகுப்பு மூன்று முறை உளறியது. மூன்று முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

உமாமகேஸ்வரி மேடம் ஜூன் மாதம்தான் புதுச்சேரியிலிருந்து மாறுதலாகி வந்தவர். ஒன்பது மணிக்கு பெல். ஒன்பது இருபதுக்கு அட்டெண்டன்ஸ் நோட்டு ஆபீஸில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஆப்சென்ட். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. இது அவர் போட்ட சட்டம்.

சூசைராஜ் சாரின் நோட்டு சரியாக ஒன்பது இருபதுக்கு வந்துவிடும். ஒரு நிமிஷம் முன்னாலும் வராது, பின்னாலும் வராது. குற்றம் சொல்ல முடியாததே மேடத்துக்குப் பெரிய எரிச்சல்.

“இது பத்தாவது சார், பொதுத்தேர்வு வருஷம். நாளைக்கு நானே வந்து கடைசி பெஞ்சுல உட்காருவேன். இதே கூத்து நடந்தா மெமோதான். வகுப்பாசிரியர் பொறுப்பும் வேற ஆளுக்குப் போயிடும்.”

“சரிங்க மேடம்” என்றார் சூசைராஜ், ரொம்பப் பணிவாக.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேடம் கடைசி பெஞ்சில் இருந்தார். கையில் டைப் அடித்த மெமோ. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சூசைராஜ் சார் நோட்டை விரித்தார். சட்டைப் பையைத் தடவினார். மேஜையைத் தடவினார்.

“என் கண்ணாடியைக் காணோமேப்பா. கண்ணாடி இல்லாம எப்படிப் பேர் படிக்கிறது?”

கண்ணாடி அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

வகுப்பே எழுந்து தேடியது. ஒருத்தி குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். ஒருவன் ஜன்னல் கம்பிகளை எண்ணிப் பார்த்தான். கிளாட்வின் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, “இதுல இட்லிதான் சார் இருக்கு” என்று வருத்தத்தோடு அறிவித்தான்.

தலைமேல் இருப்பது ஒரு பிள்ளைக்குக்கூடவா தெரியவில்லை? இதுகள் பரீட்சை எழுதி என்னத்தைக் கிழிக்கப் போகின்றன? மேடம் பேனா மூடியைக் கழற்றினார்.

சார் நோட்டைத் தூரமாகப் பிடித்து, தட்டுத்தடுமாறி ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒன்பது பதினெட்டு. பின்பக்கக் கதவு வழியாக ஒரு பெண் மூச்சிரைக்க வந்து, கவனிக்காமல் மேடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மணிக்கட்டில் இரண்டு மீன் செதில்கள் மினுமினுத்தன.

“தாமரைச்செல்வி.”

“பிரசென்ட் சார்.”

சார் தலையில் கை வைத்தார். “அட, இங்கேயே இருந்துருக்கு பாரேன்” என்று நோட்டை மூடினார்.

வகுப்பு முடிந்ததும் மேடம் வகுப்புத் தலைவி நஜீபாவை வராந்தாவுக்கு அழைத்தார்.

“கண்ணாடி அவர் தலைமேல இருந்தது உனக்குத் தெரியலையா?”

“எல்லாருக்கும் தெரியும் மேடம்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

நஜீபா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சொன்னா அட்டெண்டன்ஸ் சீக்கிரம் முடிஞ்சிடும் மேடம். தாமரை மண்டபத்தூர்லேருந்து வரணும். அவ அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதுலேருந்து மீன் ஏலத்துக்கு இவதான் போறா. அது முடிஞ்சு பஸ் பிடிச்சா ஒன்பதேகாலுக்குத்தான் இங்க இறங்க முடியும். ஏற்கெனவே ஒரு மாசம் லீவு. இன்னும் ஆப்சென்ட் விழுந்தா எழுபத்தஞ்சு சதவீதம் வராது, பரீட்சை எழுத விடமாட்டாங்க.”

மேடம் கையிலிருந்த மெமோவை இரண்டாக மடித்தார்.

“அவளுக்காகத்தான் சார் நேரத்தை இழுக்குறாருன்னு எங்களுக்குத் தெரியும்ங்கிறது சாருக்குத் தெரியாது மேடம். நாங்க நெஜமாவே ஏமாறுறோம்னு நெனச்சுச் சந்தோஷப்படுறாரு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.”

மேடம் ஆபீஸுக்குப் போய்விட்டார். மெமோ கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பஸ் தாமதம்.

சூசைராஜ் சார் பெயர்களைப் பாட்டாகப் பாடினார். தலைகீழாக வாசித்தார். நோட்டுக்குள் பல்லி இருப்பதாகச் சொல்லி அதை விரட்டவும் செய்தார். பிள்ளைகளும் சளைக்காமல் ஏமாந்தார்கள். மணி ஒன்பது பத்தொன்பது. கைவசம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோனது. நெற்றி வியர்த்தது.

அப்போது உமாமகேஸ்வரி மேடம் உள்ளே வந்தார். வகுப்பு கப்சிப்.

“நோட்டைக் கொடுங்க சார்.”

சார் கொடுத்தார். தாமரைச்செல்வியின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மேடம் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசலையும் ஒருமுறை பார்த்தார்.

“நான் இதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் இது ஆபீஸுக்குப் போகணும். ஆனா என் கண்ணாடியைக் காணோமே. எல்லாரும் கொஞ்சம் தேடுங்கப்பா.”

நாற்பத்தோரு பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் உடனே பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து மும்முரமாகத் தேடினார்கள், மேடத்தின் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை.