சீமை விதை

ஜெயம்மாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? கண்ணெதிரே கூடை கூடையாக உருளைக்கிழங்கைக் குழியில் கொட்டி, கிருஷ்ணாயிலை ஊற்றிக் கொளுத்துகிறானே இந்தத் தோட்டக்காரன் காத்தவராயன்!

கோரமண்டல் தங்கச் சுரங்கத்துத் துரையின் பங்களாத் தோட்டத்து வழக்கம் ஊருக்கே தெரியும். பெருங்கிழங்கு பங்களாவுக்கு, பொடிக்கிழங்கு சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டுப் பொம்பளைகளுக்கு. இந்த வருஷம் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த விதை வேறு. ஒரு கூடை கிடைத்தால் பூதிகோட்டையில் தம்பி நிலத்தில் நட்டுவிடலாம் என்று ஷிப்டு முடிந்து வந்த புருஷனுக்குச் சோறுகூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

"இன்னாண்ணே அநியாயம்? எங்க பங்கைக் கொளுத்த நீ யாரு?"

"வேணாம் ஜெயம்மா. வூட்டுக்குப் போ."

"ஏன் வேணாம்?"

காத்தவராயன் பங்களாப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். இன்னொரு கூடையைக் குழியில் கவிழ்த்தான்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டானாம்! இரு, சாமிகிட்டயே போறேன்."

போனாள். சொல்லியும் விட்டாள்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பேச்சை மீறினானா? இன்னியோட அவனுக்கு இங்கே வேலை இல்லே!"

கையோடு, கொட்டகையில் மிச்சமிருந்த ஒரு மூட்டையை அவளுக்கே கொடுக்கச் சொன்னார். மகராசன்! ஜெயம்மா குனிந்து கும்பிட்டாள்.

கேட்டைத் தாண்டியதும் மூட்டையை இறக்கி ஆசையாக அவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் பொடிப் பொடி அந்துப்பூச்சிகள் பறந்துவந்து முகத்தில் மோதின. ஒரு கிழங்கைப் பிட்டாள். புழு. இன்னொன்று. அதிலும் புழு. உருளைக்கிழங்கில் இப்படி ஒரு பூச்சியை அவள் கண்டதே இல்லை. ஐயோ, இதையா தம்பி நிலத்தில் இறக்கப் பார்த்தோம்!

குழிக்கே திரும்ப ஓடினாள். அதற்குள் சேதி வந்திருந்தது. காத்தவராயன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

கிழங்கு மூட்டையை நெருப்பில் தள்ளிவிட்டு அழுதாள். "தெரிஞ்சும் ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

"சீமை விதையில பூச்சின்னு வெளில சொன்னா வேலை போயிடும்னு துரை மிரட்டினாரு. பூச்சி விழுந்ததை லைனுக்குக் குடுத்துத் தீத்துடுன்னாரு. வூட்ல நாலு புள்ளைங்க. சொல்லப் பயந்துட்டேன். குடுக்கவும் மனசு வரல, கொளுத்திட்டேன்."

"இப்ப என்னாலயே வேலை போயிடுச்சே!"

காத்தவராயன் சிரித்தான்.

"போயிடுச்சில்ல? இனி இன்னா பயம்! கெளம்பு, பூதிகோட்டை வரைக்கும் ஊர் ஊரா சொல்லிக்கினே போலாம்."