வகுப்புச் செய்தி வராத நாள்

சாத்தூர் சேவுக்கடையில் பொட்டலம் கட்டும் சிவரஞ்சனிக்கு, மகளின் வகுப்பறை உள்ளங்கையிலேயே இருந்தது. ஆதிரை படிக்கும் இரண்டாம் வகுப்பில் நடப்பதையெல்லாம் கேமரா பார்த்து, தானே செய்தியாக எழுதி, படத்தோடு அவள் போனுக்கு அனுப்பிவிடும். வாய்ப்பாட்டில் தடுமாறியது, பக்கத்துப் பிள்ளையிடம் தேங்காய்ச் சில்லு வாங்கித் தின்றது, எதுவும் விடுபடாது.

சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, இன்னைக்கு எங்க டீச்சர்..." என்று ஆதிரை ஓடிவருவாள்.

"எல்லாம் பாத்துட்டேன். போய் மூஞ்சியக் கழுவு" என்பாள் சிவரஞ்சனி. காது கொடுத்துக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நாளாக ஆக, பிள்ளை ஓடிவருவதை விட்டுவிட்டு, வந்ததும் பையை மட்டும் கழற்றினாள்.

அன்று இடி விழுந்து பள்ளிக்கூடத்துக் கேமரா படுத்துவிட்டது. செய்தி வராததால் சிவரஞ்சனிக்கு வேலையே ஓடவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்து வாசலில் காத்து நின்றாள். ஆதிரை வந்து தண்ணீர் கேட்டபோதுதான் கவனித்தாள், ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைக் காணோம்.

"ஏ புள்ள, பல்லு எப்ப விழுந்துச்சு?"

"ஸ்கூல்ல."

"எப்படி விழுந்துச்சு? அழுதியா? பல்லு எங்க, கூரை மேல எறியணும்ல?"

ஆதிரை தானே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள். குரலில் கோபமெல்லாம் இல்லை.

"கேமராவ நாளைக்குச் சரிபண்ணிருவாங்களாம். அதுல பாத்துக்கம்மா."

பையைக் கழற்றி மாட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே மூஞ்சி கழுவப் போனாள்.