சூரியன் கட்டும் தவணை

மொட்டை மாடியில் காலை வைத்ததும் சாலமோனுக்குத் தலை சுற்றியது.

வானத்தைப் பார்த்துப் பளபளவென்று கிடக்க வேண்டிய ஆறு சோலார் பேனல்களில் இரண்டின் மேல் பழைய வேட்டி விரித்துக் கட்டியிருந்தது. வேட்டியின் மேல் மோர்மிளகாய். பக்கத்தில் மிதுக்கங்காய் வத்தல். நடுவில் ஒரு காக்கா, மேலதிகாரி மாதிரி நடந்து நடந்து பார்வையிட்டுக்கொண்டிருந்தது.

"கம்பெனி மேல தப்பே இல்ல சார்" என்றான் கெவின். கரண்ட் சரியாக வரவில்லை என்று சாலமோன் நாலு நாளாகப் போன் போட்டுத் திட்டியதில், திருநெல்வேலியிலிருந்து விக்கிரமசிங்கபுரத்துக்கு பஸ் ஏறி வந்திருந்த மெக்கானிக் பையன். "எல்லாம் ஒரே வரிசையாக் கோத்தது சார். ரெண்டை மூடினா மத்த நாலும் சேந்து சொணங்கும்."

"ஏளா சாலோமி!"

தெருமுனை வரை கேட்டது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் மனைவி ஏறி வந்தாள்.

"ரெண்டு லட்ச ரூவா சாமான்ளா இது! வத்தல் காயப்போட உனக்கு வேற இடமே கெடைக்கலியா?"

"எங்கன காயப்போட? மாடி பூரா நீங்கதான பரப்பி வச்சிருக்கிய. ஆள் உசரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கன்னு சொன்னேன். கம்பிச் செலவு கூடும்னு இடுப்பு உசரத்துல வச்சிட்டிய. அடியில ஒரே நெழலு."

"வத்தலாம் வத்தல்! இத்தன வருசமா இந்த மாடி வெயில் வீணாப் போச்சே, அதத் துட்டாக்கத்தான நான் இந்தப் பாடு படுதேன்!"

"வீணாவா போச்சு?" என்றாள் சாலோமி.

"எதுத்துப் பேசாத. எடு எல்லாத்தையும்."

வேட்டியின் நாலு மூலையையும் சேர்த்து முடிந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

சாலமோன் கெவினைப் பார்த்துச் சிரித்தார். "நீ ஒண்ணும் நெனச்சுக்காத தம்பி. அவளுக்கு சயின்ஸ் விளங்காது."

அந்தத் தெருவில் சோலார் என்றால் சாலமோன்தான். மில் ஆபீசில் முப்பது வருசம் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். பேங்கில் கடன் வாங்கிப் பேனல் போட்ட மூன்றாம் மாதமே, ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டார்.

"முன்னால கரண்ட் பில்லுக்குப் போன துட்டு இப்பக் கடனுக்குப் போகுது. என் கைக்காசு ஒரு பைசா இல்ல. என் கடனச் சூரியனே கெட்டுது. ஸ்தோத்திரம்!"

சபையே ஸ்தோத்திரம் சொன்னது. எதிர்வீட்டு எஸ்றா வாத்தியார் மட்டும், "போட்ட காசு திரும்பி வருமா அண்ணாச்சி?" என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விசுவாசம் வேணும்வே" என்று வாராவாரம் பதில் வந்தது.

வத்தல் இறங்கிய மறுநாளே கரண்ட் பழையபடி வந்தது. சாலமோன் மாடிக்குப் போய்ப் போய்ப் பேனல்களைத் தடவிவிட்டு வந்தார். அந்த மாதக் கடைசியில் பேங்கிலிருந்து போன்.

"சார், இந்த மாசத் தவணைல பாதிதான் கெட்டியிருக்கீங்க."

சாலமோன் போனை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்குப் போனார். கரண்ட் பில்லில் மிச்சமான பணத்தை மாதாமாதம் எண்ணி சாலோமி கையில் கொடுப்பார். அவள்தான் பேங்குக்குப் போய்க் கட்டிவிட்டு வருவாள்.

"ஏளா! வத்தல எடுக்கச் சொன்ன கோவத்துல பாதித் துட்ட அமுக்கிட்டியோ?"

சாலோமி அருவாமணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீங்க குடுக்கதே பாதிதான்."

"என்னது?"

"கம்பெனிக்காரன் வாயால சொன்ன கணக்கக் கேட்டிய. பேங்க்ல குடுத்த தாளப் படிச்சியளா? மொத மாசமே கவுண்டர்ல, 'இது பத்தாதும்மா'ன்னுட்டாங்க."

முப்பது வருசம் கணக்கு எழுதியவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்ப... மீதிப் பாதி?"

"வத்தல் வித்த துட்டு. அம்பாசமுத்திரம் கடைக்குப் பன்னெண்டு வருசமாப் போடுதேன். பழைய இருப்பும் தீந்துபோச்சு, இந்த மாசம் வத்தல் காயல. அதனால கெட்டல."

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? அதுக்குள்ள நீங்க சபைல எந்திச்சு சாட்சி சொல்லிட்டிய. போதகர் ஐயர் முன்னால உங்களப் பொய்க்காரர் ஆக்கவா?" கத்தரிக்காயை நறுக்கியபடியே சொன்னாள். "அதுவும் போக, நீங்க சொன்னது பொய்யும் இல்லயே. வெயில்தான கெட்டுச்சு."

சாலமோன் எழுந்து போய் அந்த வத்தல் மூட்டை எங்கே இருக்கிறதென்று தேடினார்.

மறுநாள் உச்சி வெயில். கீழே தெருவில் நின்று எஸ்றா வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். மாடியில் சாலமோன் கையில் கம்போடு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, என் வீட்டுக்கும் சோலார் போட நாளைக்குக் கம்பெனி ஆள் கையெழுத்து வாங்க வாரான். கடைசியா ஒருக்கக் கேக்கேன். போட்ட காசு வருமா?"

"விசுவாசம் வேணும்வே! எனக்குச் சூரியன்தான கெட்டுது?"

"அது சரி. பேனல் மேல என்னவோ துணி தொங்குதே?"

இப்போது மூடியிருந்தது இரண்டு பேனல் அல்ல, மூன்று. மூன்றாவதில் கிடந்தது அவர் ஞாயிறு கோயிலுக்குக் கட்டிப் போகிற வேட்டி. சாலமோன் காக்காவை விரட்டிய கம்பைப் பைய முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாத்தியாரா இருந்தும் உமக்கு சயின்ஸ் விளங்கலயே வே! ரொம்ப வெயில் பட்டா பேனலுக்கு ஆகாது."